புள்ளி எங்கே விழுந்தது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி லேத் ஓடும் ஏதாவது ஒரு பட்டறையில் இயந்திரத்தின் திரையைப் பார்த்தால், அங்கே இருப்பது வரிவரியாக எழுத்தும் எண்ணும்தான். முதல் வரியில் ஒரு சதவீதக் குறி. அடுத்ததில் ஓ என்ற ஆங்கில எழுத்தும் புரோகிராமின் எண்ணும். டி 0101 என்றால் முதல் டூலை அதற்குரிய முதல் ஆஃப்செட்டோடு எடு என்று பொருள். எம் 03 என்றால் ஸ்பிண்டிலைச் சுழற்று, ஜி 01 என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ, எம் 30 என்றால் வேலை முடிந்தது. லட்சக்கணக்கில் விலை போகும் இயந்திரத்தை ஓட்டுவது இந்த வெறும் எழுத்துக் கோப்புதான். அதைக் கணினியில் நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம், திருத்தலாம். பல கன்ட்ரோலர்களில் எக்ஸ் 50 என்று எழுதி அதன் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் 50 மில்லிமீட்டர். புள்ளியை விட்டுவிட்டால் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. ஒரே ஒரு புள்ளியில் ஜாப் வீணாகலாம், டூல் முறியலாம். ஆனால் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. அனுபவமுள்ள செட்டர் வரிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் புள்ளி எங்கே விழவில்லை என்று பிடித்துவிடுவார்.

1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் இயங்குகின்றன. அவற்றின் புரோகிராம்கள் இப்படித் திறந்த எழுத்தாக இருக்க, அவற்றைச் சுற்றியுள்ள அறிவு எங்கே இருக்கிறது? எந்த வார்ப்புக்கு எந்த இன்சர்ட் தாங்கியது, மதிய ஷிஃப்டில் வெயில் ஏறியதும் அளவு எந்தப் பக்கம் நகர்கிறது, போன முறை இதே ஜாப் ரிஜெக்ட் ஆனது எதனால் என்பதெல்லாம் ஒருவர் தலையிலும், இன்னொருவர் டைரியிலும், மூன்றாமவர் வாட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடக்கின்றன. இந்தக் குறிப்புகளையும் புரோகிராமைப் போலவே வெறும் எழுத்துக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு டெக்ஸ்ட் எடிட்டர் ஒன்றை நம் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்ளலாம் என்பதே இக்கட்டுரை வாதிடும் கருத்து. எளிமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சில வகைகளில் இது மற்ற வழிகளைவிடக் கொஞ்சம் சிரமமானதுகூட. பழுது வந்தால் நாமே பிரித்துப் பார்த்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து, நாமே சரிசெய்ய முடியும் என்பதுதான் காரணம். இயந்திரத்தை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இந்தக் காரணத்தின் எடை தெரியும்.

வெறும் எழுத்துக் கோப்பு என்பதற்கு என்ன பொருள் என்று முதலில் பார்த்துவிடலாம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என்று உலகம் ஒப்புக்கொண்ட அட்டவணை இருக்கிறது. வெறும் எழுத்துக் கோப்பில் அந்த எண்கள் வரிசையாக இருக்கும், வேறு எதுவும் இருக்காது. வேர்டு கோப்பு அப்படியல்ல. இன்றைய வேர்டு கோப்பு உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டை. அதன் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பல கோப்புகள் இருக்கும். எழுத்து ஓரிடத்தில், வடிவம் ஓரிடத்தில், எழுத்துருக் குறிப்பு வேறிடத்தில். மூட்டையின் கட்டு ஓரிடத்தில் கெட்டாலும் முழுக் கோப்பும் திறக்க மறுக்கலாம். 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 முறையில் எழுதிய வெறும் எழுத்தில் ஒரு பைட் கெட்டால் ஓர் எழுத்து போகும், அதற்கு அடுத்த எழுத்திலிருந்து வாசிப்பு மறுபடி ஒழுங்காகத் தொடரும். அந்த முறையை அப்படி நடக்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள்.

ஆண்டுக்கணக்கு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. அங்கிருந்து 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கி சுமார் நாற்பது ஆண்டுகள் படையில் இருந்தது. ஓர் இயந்திரம் அத்தனை காலம் உழைக்குமானால், அதன் உதிரிப் பாகங்களைப் பற்றிய குறிப்பும் அத்தனை காலம் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். எண்பதுகளில் இந்திய அலுவலகங்களில் பரவலாக இருந்த வேர்டுஸ்டார் என்ற எழுத்து மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆவண முறையில், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்திலும் தன் கணக்குக்காக ஒரு குறியை ஏற்றிவைக்கும். இன்றைய எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் சொற்கள் தெரியும், ஒவ்வொன்றின் வால் மட்டும் சிதைந்திருக்கும். அப்போதும் படித்துவிடலாம், ஏனென்றால் அது பாதியாவது வெறும் எழுத்து. முழுக்கத் தனக்கென ஒரு வடிவம் வைத்துக்கொண்ட மென்பொருள்களின் கோப்புகள் அந்த மென்பொருள் போனதும் கூடவே போய்விட்டன. இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் குறிப்பு சேர்த்த எவர்நோட், 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள் என்று வரம்பு கட்டியது. பழைய குறிப்புகளை அது அழிக்கவில்லை, ஏற்றுமதி செய்யவும் வழி விட்டது. ஆனால் குறிப்பு எழுதியவர் கையில் இல்லாத ஒரு திருகை வேறொருவர் எப்போது வேண்டுமானாலும் முறுக்கலாம் என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒரு நியாயமான கேள்வியை எழுப்பலாம். வெறும் எழுத்து நீடிக்கும் என்கிறீர்களே, தொண்ணூறுகளில் அடித்த தமிழ்க் கோப்புகள் இன்று கிறுக்கலாகத் தெரிகின்றனவே? கேள்வி சரியானது, பதிலும் நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கத் தொடங்கினார்கள். அப்போது தமிழுக்கு ஒப்புக்கொண்ட ஒரே அட்டவணை நடைமுறையில் இல்லை. முதலில் மயிலை போன்ற எழுத்துருக்களை ஒட்டி, பிறகு திஸ்கி முறையில், அதன்பின் யுனிகோடில் என்று அதே நூல்கள் வடிவம் மாறின. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தந்தது. 2010-ல் தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் அந்த நூல்கள் தப்பிப் பிழைத்ததற்கு ஒரே காரணம், உள்ளே இருந்தது எண்களின் வரிசை மட்டுமே என்பதுதான். எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை கையில் இருந்தால் போதும், ஒரு சிறு நிரல் முழு நூலையும் புதிய அட்டவணைக்கு மாற்றிவிடும். இன்றும் லினக்ஸ் கணினிகளில் உள்ள ஐகான்வ் என்ற சிறு கருவிக்குத் திஸ்கி தெரியும். ஆகவே கிறுக்கலாகத் தெரியும் பழைய தமிழ்க் கோப்பைச் செத்த கோப்பு என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம். எந்த அட்டவணையில் எழுதியது என்ற ஒரு வரித் தகவல் மட்டும் தொலைந்திருக்கிறது. இது வெறும் எழுத்தின் பலவீனம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வரி எழுதி வைத்தால் தீரக்கூடிய பலவீனம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி கருவிக்கு வருவோம். தொடங்குவதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. விண்டோஸ் நோட்பேடில் எஃப்5 அழுத்தினால் அன்றைய தேதியும் நேரமும் விழும். கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் லாக் என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிச் சேமித்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடைசியில் தேதியும் நேரமும் தானாகச் சேரும். பட்டறைக்கான லாக் புக் இதற்குள்ளேயே பிறந்துவிட்டது. பலருக்கு இதுவே போதும். குறிப்பு நூறு பக்கம் தாண்டி, தலைப்பு வாரியாக மடக்கவும் விரிக்கவும், செய்ய வேண்டியவற்றைத் தேதி வரிசையில் திரட்டவும் வேண்டும் என்ற கட்டம் வரும்போதுதான் அடுத்த படி தேவைப்படும்.

அந்த அடுத்த படிக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆர்க் மோட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து வானியலாளர் கார்ஸ்டன் டோமினிக் 2003-ல் தன் சொந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவதற்காக இதை எழுதினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்ட குனூ ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்குள் இது இயங்குகிறது. இதன் அடிப்படை வியக்கத்தக்க அளவு சின்னது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் துணைத் தலைப்பு. தலைப்புக்கு முன்னால் டூடூ என்ற சொல் இருந்தால் அது செய்ய வேண்டிய வேலை. கூர் அடைப்புக்குள் தேதி எழுதினால் அந்த வேலை அந்த நாளின் பட்டியலில் வந்து நிற்கும். கோப்பை வேறு எந்த எடிட்டரில் திறந்தாலும் நட்சத்திரமும் சொல்லும் தேதியும் அப்படியே தெரியும். மடக்கல், விரித்தல், நிறம் போன்ற வசதிகள் போகும், ஒரு எழுத்துகூடப் போகாது. ஜான் குரூபர் 2004-ல் வெளியிட்ட மார்க்டவுனும் இதே குணம் உடையது. அதை வைத்து எழுதும் செயலிகள் இன்று பல இருக்கின்றன. எது உயர்ந்தது என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. கோப்பு வெறும் எழுத்தாக இருக்கிறதா என்பது மட்டும்தான் முக்கியம்.

ஒரு லேத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொண்டால் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்ப்போம். முதல் தலைப்பு, லேத் 3. அதன் கீழே, சக் ஜா தேய்மானம், கீழே தேதி, கீழே இரண்டு வரி. அடுத்த துணைத் தலைப்பு, கூலன்ட் மாற்ற வேண்டும், எதிரே ஒரு தேதி. இங்கேதான் தகவமைப்பு உள்ளே வருகிறது. டூடூ என்ற ஆங்கிலச் சொல் வேண்டாம், செய், காத்திரு, முடிந்தது என்று தமிழிலேயே வேண்டும் என்றால், கோப்பின் தலையில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், ஆர்க் மோட் அந்தத் தமிழ்ச் சொற்களையே வேலையின் நிலைகளாக எடுத்துக்கொள்ளும். விசையைத் தட்டத் தட்ட செய் என்பது காத்திரு ஆகும், பிறகு முடிந்தது ஆகும். அமைப்பில் கேட்டுக்கொண்டால் முடிந்த நேரமும் பதிவாகும். மென்பொருள் நிறுவனம் எப்போது தமிழ் கொடுக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வரி தரும் சுதந்திரத்தை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன், ஏனென்றால் கருவியின் சொல் வேலை செய்பவரின் சொல்லாக மாறும்போதுதான் அவர் அதில் எழுதத் தொடங்குகிறார்.

ஆனால் அந்த ஒரு வரியை எழுதிய உடனே முதல் பழுதும் வரும். வரி சரியாகத்தான் இருக்கும், விசையைத் தட்டினால் பழைய ஆங்கிலச் சொல்லே வரும். கோப்பின் தலையில் உள்ள இந்த வகை வரிகளை ஆர்க் மோட் கோப்பைத் திறக்கும்போது ஒருமுறைதான் படிக்கிறது. நடுவில் மாற்றினால், அந்த வரியின் மேல் நின்று கன்ட்ரோலைப் பிடித்தபடி சி-யை இரண்டு முறை அழுத்த வேண்டும், அல்லது கோப்பை மூடித் திறக்க வேண்டும். இது தெரியாமல், கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கைவிட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பட்டறையில் இதற்கு நேர் இணை உண்டு. ஆஃப்செட் மதிப்பைத் திரையில் மாற்றினாலும், டூல் மறுபடி அழைக்கப்படும் வரை பழைய மதிப்பிலேயே ஓடும் இயந்திரங்கள் உண்டு. மாற்றம் எழுதப்படுவது ஒன்று, அது படிக்கப்படுவது இன்னொன்று. பழுது பார்ப்பதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நான் மாற்றியதை இயந்திரம் படித்ததா?

இரண்டாவது கேள்வி, கோளாறு கருவியிலா, நான் அதற்குப் போட்ட உடையிலா? ஈமாக்ஸைத் திறக்கும்போது க்யூ என்ற பெரிய எழுத்தை ஒரு சிறு கோட்டோடு சேர்த்துக் கொடுத்தால், நம் அமைப்புகள் எதையும் படிக்காமல் கடையிலிருந்து வந்தது போல் திறக்கும். விம் எடிட்டரில் கிளீன் என்ற சொல் அதே வேலையைச் செய்யும். இப்படித் திறந்தும் கோளாறு இருந்தால் கருவியில் அல்லது கோப்பில் சிக்கல். கோளாறு மறைந்தால் நம் அமைப்புக் கோப்பில் சிக்கல். மோட்டாரைக் கியர் பாக்ஸிலிருந்து கழற்றித் தனியாக ஓட்டிப் பார்க்கிற ஃபிட்டரின் வழி இது. சத்தம் தொடர்ந்தால் மோட்டார், நின்றால் மீதி.

மீதியில் எங்கே என்று தேடும்போது பாதியாக வெட்டும் முறையைப் போல வேறு எதுவும் உதவாது. அமைப்புக் கோப்பில் ஆயிரம் வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப் பாதியைச் செயலிழக்கச் செய்து திறந்து பார்க்க வேண்டும். கோளாறு இன்னும் இருந்தால் மேல் பாதியில் இருக்கிறது, போய்விட்டால் கீழ்ப் பாதியில். அந்த ஐந்நூறை மறுபடி இரண்டாக வெட்ட வேண்டும். பத்தே முறையில் ஆயிரம் வரி ஒரே வரியாகச் சுருங்கிவிடும். புரோகிராம் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை, வரியின் பொருள்கூடப் புரிய வேண்டியதில்லை, பொறுமையாகக் குறித்துக்கொண்டே போனால் போதும். லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் தொடங்கிய கிட் என்ற கருவியிலும், விஎஸ் கோடு எடிட்டரிலும் இந்தப் பாதியாக்கும் வேலையைத் தானாகச் செய்ய ஏற்பாடே உண்டு. பெரும்பாலும் கடைசியில் அகப்படுவது மூடாமல் விட்ட ஓர் அடைப்புக்குறியாக இருக்கும். ஈமாக்ஸின் அமைப்புமொழி முழுக்க முழுக்க அடைப்புக்குறிகளால் ஆனது. திறந்தது ஒன்று மூடப்படாவிட்டால் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். அடைப்புக்குறிகளைச் சரிபார்க்க அதற்குள்ளேயே ஒரு கட்டளை இருக்கிறது. சிஎன்சி புரோகிராமில் புள்ளி செய்யும் வேலையை இங்கே அடைப்புக்குறி செய்கிறது.

இன்னொரு கோளாறு அடிக்கடி வருவது, கொஞ்சம் நுட்பமானது. ஈமாக்ஸோடு ஓர் ஆர்க் மோட் கூடவே வருகிறது. புதியதாக இருக்கட்டும் என்று தனியாக இன்னொரு பதிப்பையும் நிறுவிக்கொள்கிறோம். தொடக்கத்தில் பழைய பதிப்பின் சில பகுதிகள் ஏறிவிட, பின்னர் புதியதன் சில பகுதிகள் ஏற, இரண்டும் கலந்து நின்று புரியாத பிழைச் செய்திகளைத் தரும். ஒரு மாடலின் டர்ரெட்டில் வேறு மாடலின் ஹோல்டரை மாட்டியதைப் போல. தீர்வு, புதிய பதிப்பை நீக்கி, ஈமாக்ஸை மூடி, வேறு எதையும் திறக்கும் முன் மறுபடி நிறுவுவது. அண்மைப் பதிப்புகள் இந்தக் கலப்பைத் தாமே கண்டுபிடித்து எச்சரிக்கின்றன. எச்சரிக்கையைப் படிக்காமல் மூடிவிடும் பழக்கம்தான் பாதிப் பழுதுகளை வளர்க்கிறது.

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே சில பழுதுகள் உண்டு. இவற்றைப் பற்றி ஆங்கில வழிகாட்டிகள் பேசுவதில்லை, ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலாவது மிகக் கொடியது. பழைய நோட்பேடில் தமிழில் அடித்து, ஆன்சி என்ற முறையிலேயே சேமித்தால், எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். கிறுக்கலை மாற்றி மீட்கலாம், கேள்விக்குறியை மீட்க முடியாது, ஏனென்றால் அங்கே எண்ணே அழிந்து போயிருக்கும். சேமிக்கும்போது அது ஓர் எச்சரிக்கை காட்டும், சரி என்று தட்டினால் முடிந்தது. 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேட் யுடிஎஃப்-8 முறையையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் சிறு பட்டறைகளில் இயந்திரத்தோடு இணைத்த பழைய கணினி, பழைய விண்டோஸோடு, மாற்றப்படாமலே இருப்பது வழக்கம். அங்கே தமிழ்க் குறிப்பு எழுதத் தொடங்கும் முன் இதைச் சோதித்துவிட வேண்டும்.

இரண்டாவது, தேடல் ஏமாற்றும் பழுது. கொதிகலன் என்று கோப்பில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், தேடினால் இல்லை என்று வரும். காரணம் என்னவென்றால், கொ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்க்கலாம். அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று எண்களாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒரே கொ. எண்ணாகப் பார்க்கும் தேடல் கருவிக்கு இரண்டும் வேறு. ஒரு விசைப்பலகை ஒரு விதமாகவும், ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் மென்பொருள் இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கலாம். யுனிகோடு இவ்விரண்டையும் சமம் என்றே வரையறுத்திருக்கிறது, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையையும் கொடுத்திருக்கிறது. நல்ல எடிட்டரில் ஒரு கட்டளையில் முழுக் கோப்பையும் அப்படி ஒழுங்குபடுத்திவிடலாம். ஆனால் ஔ என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடித்திருந்தால், காலுக்குப் பதிலாக ர போட்டிருந்தால், எந்த ஒழுங்குபடுத்தலும் உதவாது. அது எழுத்துப் பிழை, நாம்தான் திருத்த வேண்டும். மூன்றாவதாக, தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையவை அல்ல, ஆகவே ஆர்க் மோட் அட்டவணையில் தமிழ் எழுதினால் கோடுகள் நேராக நிற்காது. இதற்கு முழுமையான தீர்வு இல்லை. அட்டவணையின் உள்ளடக்கம் சரியாகத்தான் இருக்கும், கணக்கும் சரியாகத்தான் வரும், பார்வைக்கு மட்டும் கோணல். எண்கள் அதிகமுள்ள கட்டங்களில் எண்ணை மட்டும் வைத்து, தமிழ் விளக்கத்தைக் கீழே தனி வரியாக எழுதுவது நடைமுறையில் ஒத்துவருகிறது.

இவ்வளவையும் படித்த ஒருவர் கேட்பார், கைபேசியில் தனக்குத் தானே வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டால் முடிந்ததே, இத்தனை பாடு எதற்கு? கிரீஸ் கையோடு நிற்பவருக்குக் குரலில் சொல்லிவிடுவது எளிதுதான், படம் எடுத்து அனுப்புவது அதைவிட எளிது. பிடித்து வைக்க அதைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. ஆனால் பிடித்ததைத் தேட வேண்டியவர் அடுத்த ஷிஃப்டில் வருகிறவர், அல்லது அடுத்த ஆண்டில் வருகிறவர். அவரிடம் அந்தக் கைபேசி இருக்காது. ஷிஃப்ட் முடியும்போது ஐந்து நிமிடம், பிடித்ததில் நிற்க வேண்டியதைக் கோப்புக்கு மாற்றினால் அறிவு ஆளிடமிருந்து பட்டறைக்கு நகர்கிறது. படத்தைக் கோப்புக்குள் திணிக்க முடியாது என்பது உண்மை. படத்துக்குத் தேதியும் இயந்திர எண்ணும் கொண்ட பெயர் வைத்து, அந்தப் பெயரைக் குறிப்பில் எழுதி வைத்தால் போதும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. எடிட்டரைத் தனக்கேற்ப மாற்றத் தொடங்கியவர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், குறிப்பு எழுதுவதே இல்லை. இது முழுக்க உண்மை. நிறம், எழுத்துரு, குறுக்குவிசை என்று வாரக்கணக்கில் நேரம் போகும். டூலைத் தீட்டிக்கொண்டே இருந்து ஜாபைத் தொடாத டர்னரைப் போல. இதற்கு நான் சொல்லக்கூடியது, ஒரே எரிச்சல் மூன்று முறை வந்த பிறகே அதற்காக ஒரு வரி மாற்ற வேண்டும், மாற்றிய வரிக்கு மேல் ஏன் மாற்றினோம் என்று தமிழில் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பதுதான். அந்தக் குறிப்பு வரி, பாதியாக வெட்டித் தேடும் நாளில் பெரிய துணையாக நிற்கும். மற்றவர் அமைப்புக் கோப்பை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்பவர்களுக்குத்தான் பழுதுகள் அதிகம், ஏனென்றால் அவர்களுடைய கோப்பில் எந்த வரி எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது. ஈமாக்ஸின் பட்டியல்களும் உதவிப் பக்கங்களும் ஆங்கிலத்தில் இருப்பது இன்னொரு தடை. ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைகளுக்கு அது சுவராகவே நிற்கும். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் இதழ் 2012 முதல் இந்தச் சுவரில் செங்கல் செங்கலாக வழி திறந்து வருகிறது. பட்டறைக் குறிப்புக்கென்று தமிழில் ஒரு முழுக் கையேடு வந்தால் நன்றாக இருக்கும்.

கடைசியாக, கணினியே போனால்? 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. தரையோடு வைத்திருந்த எதுவும் தப்பாது, டைரியும் சரி, கணினியும் சரி. இங்கே வெறும் எழுத்தின் எடையின்மை கைகொடுக்கிறது. தமிழில் ஓர் எழுத்துக் குறிக்கு மூன்று பைட் வீதம் எடுத்தாலும், ஒரு பட்டறையின் பத்தாண்டுக் குறிப்பு முழுவதும் ஒரேயொரு நல்ல புகைப்படத்தின் அளவுக்குள் அடங்கிவிடும். அதை மின்னஞ்சலில் அனுப்பலாம், பென் டிரைவில் போட்டு பூந்தமல்லியிலோ ஆவடியிலோ உள்ள வீட்டுக்கு வாரம் ஒருமுறை கொண்டுபோகலாம், கைபேசியிலும் ஒரு நகல் வைக்கலாம். நகலை எடுத்தால் போதாது, திறந்தும் பார்க்க வேண்டும். கேள்விக்குறிகளை வருடக்கணக்காக நகலெடுத்து வைத்திருப்பதில் பயனில்லை.

அந்தக் கோப்பை இன்று தொடங்குபவர் முதல் மூன்று வரிகளை இப்படி எழுதலாம். இந்தக் கோப்பு யுடிஎஃப்-8 முறையில் எழுதியது. லேத் 3-ல் புள்ளி இல்லாத எண் மைக்ரானாக எடுக்கப்படும். மூன்றாவது வரியில் தேதியும், எழுதியவர் பெயரும், எந்த ஷிஃப்ட் என்பதும்.